எங்கே உடையட்டும்?

ரேடியோ கன்ட்ரோலில் பறக்கும் மாதிரி விமானங்களின் சண்டைக்கு முதல் முறை போனபோது என் கையில் இருந்தது பால்சா கட்டையில் நானே கட்டிய விமானம். மூன்று வாரம், இரவு இரவாக உட்கார்ந்து செய்தது. இறக்கையின் ஒவ்வொரு விலாச் சட்டத்தையும் தனித்தனியாக வெட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, மேலே படலம் ஒட்டி, அயர்ன் வைத்து இழுத்து முடித்தபோது இறக்கையைத் தட்டினால் மேளம் போல ஒலித்தது. அவ்வளவு பிடித்துப்போயிருந்தது எனக்கு.

ஆட்டம் என்னவென்று தெரியாதவர்களுக்கு ஒரு வரி. ஒவ்வொரு விமானமும் வாலில் நீளமான காகித ரிப்பன் ஒன்றை இழுத்துக்கொண்டு பறக்கும். பல இடங்களில் புழங்கும் அளவு 30 அடி, அதாவது சுமார் 9 மீட்டர். மற்றவர் ரிப்பனை உங்கள் ப்ரொப்பெல்லரால் வெட்டினால் புள்ளி. உங்கள் ரிப்பனைக் காப்பாற்றிக்கொண்டாலும் புள்ளி. சுட எதுவும் கிடையாது. வெட்ட வேண்டுமானால் பக்கத்தில் போய்த்தான் ஆக வேண்டும். அவ்வளவு பக்கத்தில் போகும்போது மோதலும் நடக்கும். மோதுவது நோக்கம் இல்லை. ஆனால் மோதவே கூடாது என்று நினைப்பவர் இந்த ஆட்டத்தை ஆட முடியாது.

அன்று எனக்கு நடந்தது அதுதான். ஆட்டம் நடந்த ஐந்து நிமிடமும் விமானக் கூட்டத்தின் ஓரத்திலேயே சுற்றினேன். யாராவது நெருங்கினால் என் கை தானாக ஸ்டிக்கை இழுத்து விமானத்தை மேலே தூக்கியது. ஒரு ரிப்பனைக்கூட நான் தொடவில்லை. விமானம் ஒரு கீறல் இல்லாமல் இறங்கியது. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது மனம் கனத்தது.

அன்று மூன்று ரிப்பன் வெட்டியவரின் விமானம், விமானம் மாதிரியே இல்லை. வால் கிடையாது, உடல் கிடையாது. பூமராங் வடிவத்தில் ஒரே ஒரு இறக்கை. முழுக்கப் பார்சல் டேப் சுற்றி, அங்கங்கே கறுத்து, ஒரு முனை லேசாக மடங்கி இருந்தது. நான் பார்த்துக்கொண்டே நிற்பதைக் கவனித்து, “எடுத்துப் பாருங்க தம்பி” என்று கையில் கொடுத்தார். “மூக்கை அழுத்துங்க. இன்னும் நல்லா.” கட்டைவிரல் கால் அங்குலம் உள்ளே போனது. விரலை எடுத்தேன். பள்ளம் மெதுவாக, மூச்சு விடுவது போல, மேலே எழும்பி வந்து மூடிக்கொண்டது. பல வருடமாக நான் கட்டும் எல்லாமே அந்த ஒரு நொடியிலிருந்து வந்தவைதான்.

அது இ.பி.பி. ஃபோம். விரிவாக்கிய பாலிப்ரொப்பிலீன். கார் பம்பருக்கு உள்ளே இடி தாங்க வைக்கிறார்களே, அதே பொருள். தெர்மகோலும் பார்க்கக் கிட்டத்தட்ட இப்படித்தான் இருக்கும், ஆனால் குணம் நேர் எதிர். தெர்மகோலை நசுக்கினால் மணிகள் உடைந்து அப்படியே கிடக்கும். வளைத்தால் பட்டென்று இரண்டாகும். இ.பி.பி. நசுங்கி, வளைந்து, திரும்பி வரும். மலைச்சரிவில் மோட்டார் இல்லாத கிளைடர்களை ஒன்றோடொன்று இடித்து விளையாடுபவர்கள் 1990களிலேயே இதைப் பிடித்துக்கொண்டார்கள். ஸாகி என்ற பறக்கும் இறக்கை அந்த வழியில்தான் பெயர் வாங்கியது.

இந்த இடத்தில் கணக்கு ஒன்றைப் போட்டுக் காட்ட ஆசை. 550 கிராம் எடையுள்ள விமானம் நொடிக்கு 20 மீட்டரில், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டரில் பறக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் இயக்க ஆற்றல் 110 ஜூல். ஆறு மாடி உயரத்திலிருந்து கீழே போட்டால் தரையைத் தொடும்போது இருக்கும் வேகமும் ஏறக்குறைய இதேதான். தரையில் மோதி நிற்கும்போது இந்த 110 ஜூலும் எங்கேயாவது போயாக வேண்டும். விறைப்பான மூக்கு 5 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் சராசரி விசை 22,000 நியூட்டன். இரண்டு டன்னுக்கும் மேலான எடை ஒரு கணம் ஏறி உட்கார்ந்தது போல. அதே மூக்கு 5 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால் விசை பத்தில் ஒரு பங்கு. ஆற்றல் ஒன்றுதான். அது நிற்க எடுத்துக்கொள்ளும் தூரம்தான் உங்கள் மோட்டாரும், திருப்பும் மடல்களை அசைக்கும் சர்வோவும் பிழைக்குமா என்று முடிவு செய்கிறது.

இது புரிந்த பிறகும் நான் தவறான வழியில் ஒரு வருடம் போனேன். காரணம், உடைந்தால் பலப்படுத்த வேண்டும் என்பது கையில் ஊறிய பழக்கம். இ.பி.பி.யில் முதல் இறக்கை செய்தேன். மூக்கு கிழிந்தது. மூக்குக்குள் பிளைவுட் வைத்தேன். அடுத்த மோதலில் பிளைவுட்டுக்குப் பின்னால் ஃபோம் வெட்டுப்பட்டது. அங்கே கார்பன் குழாய் வைத்து எபாக்ஸி ஊற்றினேன். அதற்கடுத்து குழாய் முறிந்து, கூரான சிராய்கள் ஃபோமைக் குத்திக்கொண்டு வெளியே வந்தன. இன்னும் தடிமனான குழாய், இன்னும் எபாக்ஸி. 550 கிராமில் தொடங்கிய விமானம் 800 கிராமில் வந்து நின்றது.

எடை கூடினால் வெறும் எடை மட்டும் கூடுவதில்லை என்பதை அப்போது நான் கணக்கில் எடுக்கவில்லை. அதே இறக்கையில் 800 கிராமைத் தூக்கி நிறுத்த, விமானம் முன்னைவிட 20 சதவீதம் வேகமாகப் பறக்க வேண்டும். ஆற்றல் வேகத்தின் இருமடியில் ஏறுவது. ஆக எடை ஒன்றரை மடங்குகூட ஆகவில்லை. மோதும் ஆற்றலோ இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. பலப்படுத்தப் பலப்படுத்த என் விமானம் முன்னைவிட மோசமாக உடைந்ததற்குக் காரணம் இதுதான். ஒவ்வொரு கிராமையும் நானே சுத்தியலாக மாற்றி என் மேலேயே போட்டுக்கொண்டிருந்தேன்.

அன்றிலிருந்து வரைபடத்தின் முன் உட்காரும்போது முதல் கேள்வியை மாற்றிக்கொண்டேன். உடையாமல் இருக்க என்ன செய்யலாம் என்று கேட்பதில்லை. எங்கே உடையட்டும், அதை எத்தனை நிமிடத்தில் சரி செய்வேன், இந்த இரண்டைத்தான் கேட்கிறேன்.

இப்போது நான் கட்டும் இறக்கை இதுதான். முனைக்கு முனை 90 செ.மீ. நடுவில் அகலம் 30, முனையில் 20. முனையின் முன்விளிம்பு மூக்கைவிட 20 செ.மீ. பின்தள்ளி இருக்கும். பரப்பு 22.5 சதுர டெசிமீட்டர். 550 கிராமுக்கு, சதுர டெசிமீட்டருக்கு 25 கிராமுக்கும் குறைவான சுமை. தடிமன் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. கன மீட்டருக்கு 20 கிலோ அடர்த்தியுள்ள இ.பி.பி.யில் வெட்டினால் ஃபோம் மட்டும் 75 கிராம் அளவுக்குத்தான் வரும். 30 கிலோ அடர்த்தியிலும் கிடைக்கிறது. முன்விளிம்புப் பட்டைக்கு மட்டும் அதை வைத்துப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே தாங்குகிறது. ஆனால் ஒட்டும் வேலை கூடுகிறது. எனக்கு அது தேவைப்படவில்லை.

வெட்டுவதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த வேலை. மர வில்லில் நைக்ரோம் கம்பியை இழுத்துக் கட்டி, மின்சாரம் கொடுத்துச் சூடேற்ற வேண்டும். ஃபோம் கட்டியின் இரண்டு பக்கமும் இறக்கையின் குறுக்குவெட்டு வடிவத்தில் அட்டை அச்சு. நடு அச்சு நீளம், முனை அச்சு குட்டை. ஆனால் இரண்டு முனையும் ஒரே நேரத்தில் போய்ச் சேர வேண்டும். அதனால் இரண்டு அச்சிலும் 1 முதல் 10 வரை சம பங்காகக் கோடு போட்டுக்கொள்வோம். ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் நண்பர். “மூணு… மூணரை… நாலு…” என்று சத்தமாக எண்ணிக்கொண்டே போக வேண்டும். அவசரப்பட்டால் கம்பியின் நடுப்பகுதி பின்தங்கி வில்லாக வளையும். முன்விளிம்பின் வளைவில் அந்தப் பின்தங்கல் ஃபோமில் பள்ளமாகப் பதிந்துவிடும். அதனால் வளைவை நெருங்கும்போது மூச்சை அடக்கி, கம்பி வந்து சேரும்வரை நிற்போம். முடிந்ததும் மேல்கட்டியைத் தூக்கினால், உள்ளே இறக்கை பளபளவென்று படுத்திருக்கும். (சன்னலைத் திறந்து வைத்து, காற்றோட்டத்தோடு செய்யுங்கள். அந்தப் புகை நல்லதில்லை.)

ஃபோம் மட்டும் வைத்துப் பறக்க முடியாது, நெளியும். பலர் இங்கேதான் குழாயைத் தேடிப் போகிறார்கள். நான் கார்பன் குழாயை முழுக்க விட்டுவிடவில்லை; 6 மி.மீ. குழாய் ஒன்று, அடியில் கீறிய பள்ளத்தில், நடுப்பகுதியில் மட்டும். மிச்ச விறைப்பு முழுக்கக் கண்ணாடி இழை ஓடும் டேப்பிலிருந்து வருகிறது. கனமான பெட்டிகளைக் கட்டப் பயன்படுத்தும் டேப்தான். இறக்கை மேல்நோக்கி வளையும்போது அடிப்பரப்பு இழுபடும். இழுவிசையை இழை டேப் நன்றாகவே தாங்கும். மேலேயும் கீழேயும் மூக்கிலிருந்து முனைகளுக்குப் பெருக்கல் குறி போல ஓட்டினால் முறுக்கமும் நிற்கும். இ.பி.பி.யில் டேப் நேரடியாக ஒட்டாது. முதலில் ஸ்ப்ரே பசையை லேசாக அடித்து, தொட்டால் பிசுபிசுக்கும் பதத்துக்குக் காயவிட்டு அப்புறம் ஒட்ட வேண்டும். இந்த ஒரு படியைச் செய்யாமல் விட்டவர்களின் டேப் இரண்டாவது பறப்பில் வாழைமட்டை மாதிரி உரிந்து தொங்குவதைப் பார்த்திருக்கிறேன்.

ஃபோமே வேண்டாம் என்பவர்களும் உண்டு. விளம்பரப் பலகைக்குப் பயன்படும் நெளிவு பிளாஸ்டிக் தாள், மழைநீர்க் குழாய் இரண்டையும் வைத்துக் கட்டும் ஸ்பேட் விமானங்கள் ஒரு தனி உலகம். ‘சிம்பிள் பிளாஸ்டிக் ஏர்பிளேன் டிசைன்’ என்பதன் சுருக்கம் அது. எண்ணெய் எஞ்சின் ஓட்டுபவர்களுக்கு அருமையான பொருள், எரிபொருள் பட்டாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் 4 மி.மீ. தாள் சதுர மீட்டருக்கு 700 கிராம் அளவுக்கு வரும். என் இறக்கையை மேலும் கீழும் அதில் மூடினால் தோல் மட்டுமே 300 கிராமைத் தாண்டும். சிறிய மின்மோட்டாருக்கு அது சரிப்படாது. அதை எலிவானுக்கு, அதாவது பின்விளிம்பில் ஏறி இறங்கி விமானத்தைத் திருப்பும் மடலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். உள்ளே ஓடும் குழல்கள் இறக்கை நீளத்துக்கு இணையாக இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் தடதடவென்று அதிரும்.

அடுத்து, கனமான பொருள்களை எங்கே வைப்பது. நசுங்கும் மூக்கு இருந்தும் தோற்றுப்போகும் இடம் இது. பேட்டரிதான் விமானத்தில் கனமான ஒற்றைப் பொருள். 3 செல், 2200 எம்.ஏ.எச். கொள்ளளவுள்ள லிப்போ (லித்தியம் பாலிமர் பேட்டரி) 180 கிராம் அளவுக்கு இருக்கும். விமானம் நிற்கும்போது அது நிற்காது; முன்னால் என்ன இருந்தாலும் இடித்துக்கொண்டு போகும். ஒருமுறை நேருக்கு நேர் மோதலில் என் பேட்டரி வெல்க்ரோவைப் பிய்த்துக்கொண்டு முன்னால் பாய்ந்தது. அதற்கு முன்னால் நான் சிக்னல் வாங்கும் ரிசீவரை வைத்திருந்தேன். ஃபோமுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிசீவர் இரண்டு துண்டு. அதன் பிறகு என் விதி ஒன்றே ஒன்று: கனமானது முன்னால், மென்மையானது பின்னால். பேட்டரிக்கு முன் வெறும் ஃபோம் மட்டும், குறைந்தது நான்கு விரல் கனத்துக்கு. பேட்டரி அறையை ஃபோமிலேயே இறுக்கமாக வெட்டி, மேலே மூடி போட்டு, குறுக்கே பட்டை கட்டிவிடுவேன்.

மோட்டார் முன்னாலா பின்னாலா என்பது முடியாத வாதம். முன்னால் இருந்தால் ப்ரொப்பெல்லர்தான் முதலில் ரிப்பனைச் சந்திக்கும். வெட்டு சுத்தமாக விழும். ஆனால் தரையையும் அதுதான் முதலில் சந்திக்கும், தண்டு வளையும். ரப்பர் வளையத்தால் ப்ரொப்பெல்லரைப் பிடித்திருக்கும் சேவர் வைத்தால் இடிக்கும்போது கழன்றுகொள்ளும், சரி. இருந்தாலும் நான் பின்னால்தான் வைக்கிறேன். மூக்கு முழுவதையும் நசுங்குவதற்கே விட்டுவிட முடிகிறது. வெட்டு கொஞ்சம் குறையும், உண்மைதான். இறக்கையில் பட்ட ரிப்பன் வழுக்கிப் பின்னால் போய்ப் ப்ரொப்பெல்லரில் சிக்குவதற்குள் பாதி நேரம் நழுவிவிடும். ஆனால் ஒரே நாளில் எட்டுச் சண்டை ஆட முடிகிறது. எட்டு முறை நெருங்குபவனுக்கு வெட்டு எப்படியும் கிடைக்கும். என் சொந்த ரிப்பனை மட்டும் நடுவில் கட்ட முடியாது, என் ப்ரொப்பெல்லரே தின்றுவிடும். இறக்கை முனைக்குப் பக்கத்தில், ஒரு முழம் நூலில் கட்டுகிறேன். அது இழுக்கும் பக்கத்துக்கு விமானம் லேசாகத் திரும்பும்; ட்ரிம்மில் சரியாகிவிடும்.

மோட்டார் 2212 வகை, 8×4 (8 அங்குல விட்டம், 4 அங்குல பிட்ச்) ப்ரொப்பெல்லர், இரண்டு 9 கிராம் சர்வோ. இதில் சொல்ல அதிகம் இல்லை. சர்வோ பல் உடைவதற்குக் காரணம் பெரும்பாலும் எலிவான் புல்லில் மாட்டி இழுபடுவதுதான். தள்ளு கம்பியைக் கொஞ்சம் மெல்லிசாக வைத்து, நடுவில் ஒரு சின்ன வளைவு விட்டால் கம்பி வளைந்து பல்லைக் காப்பாற்றும். குறட்டால் நிமிர்த்திவிட்டு மறுபடி பறக்கலாம்.

எடை சமன்படும் புள்ளி, அதாவது சி.ஜி. விஷயத்தில் மட்டும் தோராயம் வேண்டாம். வாலில்லா இறக்கை இதில் இரக்கம் காட்டாது. மேலே சொன்ன அளவுகளுக்கு சராசரி அகலம் 25.3 செ.மீ.; நடுநிலைப் புள்ளி (சி.ஜி. இதைத் தாண்டிப் பின்னால் போனால் விமானம் நிலைகொள்ளாது) மூக்கிலிருந்து 15.7 செ.மீ. வாக்கில் வரும். அதற்கு முன்னால் சராசரி அகலத்தில் எட்டு சதவீதம் இடைவெளி விட்டால் 13.6. நான் 13.5-இல் இரண்டு விரலால் தூக்கிப் பார்த்து, நிமிர்ந்து நின்றால் பறக்கவிடுவேன். எலிவான் இரண்டும் இயல்பு நிலையிலேயே இரண்டு மூன்று மி.மீ. மேலே தூக்கி இருக்க வேண்டும்.

வேகத்தைப் பற்றிப் புதிதாக வருபவர்களுக்கு ஒன்று சொல்லியே ஆக வேண்டும். பிட்ச் என்பது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம். 4 அங்குல பிட்ச் ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 12,000 சுற்றில் நொடிக்கு 20 மீட்டர் வேகத்துக்குமேல் தள்ளாது. இது போதவே போதாது என்று 6 அங்குலத்துக்குத் தாவத் தோன்றும். நானும் தாவினேன். அப்புறம்தான் திருப்பத்தின் அருமை தெரிந்தது. 60 பாகை சாய்ந்து திரும்பும்போது 20 மீட்டர் வேகத்தில் வட்டத்தின் ஆரம் 23 மீட்டருக்கு மேல். 15 மீட்டர் வேகத்தில் அது 13. மெதுவாகப் பறப்பவர் உள்வட்டத்தில் நுழைந்து உங்கள் ரிப்பனின் வாலில் வந்து உட்கார்ந்துவிடுவார். அதுவும் போக, தூரத்தில் இரண்டு விமானம் ஒன்றன்மேல் ஒன்று தெரிந்தாலும் உண்மையில் பத்து மீட்டர் இடைவெளி இருக்கும். கண்ணுக்கு ஆழம் தெரியாது. ரிப்பனைக் குறுக்கே வெட்டப் பார்ப்பதைவிட, அதன் நீளத்தோடு சேர்ந்து, கொஞ்சம் கீழிருந்து மேலாக ஏறினால் 9 மீட்டரில் எங்கேயாவது தொடுவீர்கள். அதற்கு நேரம் வேண்டும். மெதுவான விமானம் அந்த நேரத்தைத் தருகிறது.

இதே கருவி ஒரு மனிதன்மேல் பட்டால் என்ன ஆகும் என்பதும் அந்த 110 ஜூல் கணக்கிலேயே இருக்கிறது. சுழலும் 8 அங்குலப் பிளேடு வேறு. சண்டை நடக்கும் வானம் ஆட்களுக்கு மேல் இருக்கக் கூடாது. ரிப்பன் கண்முன் தொங்கினாலும் பாதுகாப்புக் கோட்டைத் தாண்டி வந்தால் விட்டுவிட வேண்டும். விழுந்த விமானத்தை எடுக்க, எல்லாரும் இறங்கும்வரை யாரும் களத்துக்குள் போகக் கூடாது. சிக்னல் போனால் மோட்டார் நிற்கும்படி ஃபெயில்சேஃப் அமைத்து, தரையிலேயே ட்ரான்ஸ்மிட்டரை அணைத்துச் சோதிக்க வேண்டும். மேசையில் வைத்து வேலை பார்க்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட வேண்டும். இடிபட்ட லிப்போவைப் பையில் போடாமல், எரியாத தரையில் தனியாக அரை மணி நேரமாவது வைத்துப் பார்க்க வேண்டும். உள்ளே ஷார்ட் ஆகியிருந்தால் தீ உடனே வராமல், தாமதித்தும் வரலாம். இதில் எதையும் நான் யாருக்காகவும் தளர்த்த மாட்டேன்.

போன முறை, மூன்றாவது ஆட்டத்தில், நண்பரின் சிவப்பு இறக்கையும் என்னுடைய மஞ்சளும் நேருக்கு நேர் மோதின. தொப்பென்று அமுங்கிய ஒரு சத்தம். இரண்டும் சுழன்றுகொண்டே இறங்கின. எல்லாரும் இறங்கியதும் நடந்து போய் எடுத்தோம். அவருடையதில் மூக்கு ஒரு கை நீளம் கிழிந்திருந்தது. என்னுடையதில் ப்ரொப்பெல்லர் போச்சு, இடது முன்விளிம்பில் அவர் ப்ரொப்பெல்லர் போட்ட மூன்று வெட்டு, சீப்பு வைத்தது போல வரிசையாக. “உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும்?” என்றார். “பத்து நிமிஷம். உங்களுக்கு?” “எட்டு.” ஹாட் க்ளூ, டேப், புது ப்ரொப்பெல்லர். அடுத்த சுற்றுக்கு இருவரும் கோட்டில் நின்றோம்.

ஒவ்வொரு பழுதுக்குப் பிறகும் எடை போட்டு, இறக்கையின் அடியில் மார்க்கரால் எழுதி வைக்கிறேன். இந்த மஞ்சளில் 548 என்று தொடங்கிய வரிசை 556, 571, 590, 612 என்று ஓடி, அன்று மாலை 653-இல் நின்றது. 650 தாண்டினால் ஓய்வு. வீட்டுக்கு வந்ததும் டேப்பைக் கிழித்து மோட்டார், அதன் வேகத்தைக் கட்டுப்படுத்தும் இ.எஸ்.சி., இரண்டு சர்வோ, ரிசீவர் எல்லாவற்றையும் வெளியே எடுத்தேன். நாற்பது நிமிடம் ஆனது. வெட்டி வைத்த புது ஃபோம் இறக்கை சுவரோடு சாய்ந்து நின்றது. ஸ்ப்ரே பசையை அடித்துவிட்டு, அது காயும் நேரத்தில் நண்பரைப் போனில் கூப்பிட்டு, இந்த முறை எந்த நிறம் என்று கேட்டேன்.